660 டிகிரியில் உறைய வேண்டிய அலுமினியம்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, சோடியம் சேர்த்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகியிருந்த, எல்.எம். 6 என்னும் அலுமினியம்-சிலிக்கான் கலவையின் உருக்கிலிருந்து (உருகிய உலோகத்திலிருந்து) ஒரு கரண்டி எடுத்துச் சிறிய இரும்புக் கிண்ணத்தில் ஊற்றினேன். கிண்ணத்தின் நடுவில் நின்ற தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் செய்த வெப்ப உணரி) வினாடிக்கு நான்கு முறை வெப்பநிலையைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 640, 610, 590 என்று மளமளவென்று இறங்கிய எண்கள் 566-ஐத் தொட்டு, ஒரு கணம் தயங்கி, மேலே ஏறி, 568-இல் நின்றன. முக்கால் நிமிடம் அங்கிருந்து அசையவில்லை. சோடியம் போடுவதற்கு முன் அதே உருக்கிலிருந்து எடுத்த மாதிரி 575-இல் நின்றிருந்தது. சோடியம் வேலை செய்ததைச் சொல்லும் இந்த ஏழு டிகிரி வித்தியாசத்தை நம்பிப் படிக்கும் நிலைக்கு வர எனக்கு நான்கு மாதங்களும் 18,200 ரூபாயும் ஆயின. வழியில் செய்த பிழைகள்தாம் அதிகம் கற்றுக்கொடுத்தன என்பதால் அவற்றையும் விடாமல் வரிசையாக எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் என் மைத்துனர் நடத்தும் வார்ப்புப் பட்டறையில் பராமரிப்பு வேலை என்னுடையது. டீசல் பர்னரில் ஓடும் உலை ஒன்று, உலோகத்தை உருக்கும், 150 கிலோ பிடிக்கும் குரூசிபிள் பாத்திரம் ஒன்று, பம்பு உறைகளுக்கான இரும்பு அச்சுகள் (டைகள்) சில, இவ்வளவுதான் பட்டறை. மார்ச் மாதத்தில், கடைசல் பிடித்த பிறகு உறைகளில் ஊசித்துளைகள் தெரிவது திடீரென்று கூடியது. ஒரு நாள் 60 உறைகளில் 11 கழிந்தன. உருகிய அலுமினியம் சூடேற ஏறச் சுற்றியுள்ள ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. உறையும்போது, திரவத்தில் கரைந்திருக்கக்கூடிய அளவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் திட உலோகத்தால் வைத்துக்கொள்ள முடியும். மிச்சம் துளைகளாகத் தங்கிவிடுகிறது. ஆகவே முதல் சந்தேகம் சூட்டின் மேல் விழுந்தது. ஆனால் தெர்மோகப்பிளோடு இணைந்த வெப்பநிலை மீட்டர் 700 டிகிரி என்றுதான் காட்டியது. மேஸ்திரி மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மீட்டரு எழுநூறுன்னுது சார். குரூசிபிள் செவுத்தப் பாருங்க, எப்டி செவந்து கீது" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலையைப் பார்த்து வரும் கண் அது. அன்றே அதை நம்பியிருந்தால் மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

நான் செய்த முதல் வேலை, மீட்டரைச் சந்தேகப்பட்டு 1,900 ரூபாய்க்குப் புதியது வாங்கியது. புதியதும் அதே 700-ஐக் காட்டியது. பிறகுதான் பழைய மீட்டரைச் சோதித்தேன். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை. உள்ளீட்டு முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தபோது அறையின் 34 டிகிரியைச் சரியாகக் காட்டியது. ஒரு பேட்டரியும் இரண்டு மின்தடைகளும் வைத்து 27.76 மில்லிவோல்ட் கொடுத்தபோது 700 என்றது. எங்கள் உலையில் இருக்கும் கே வகைத் தெர்மோகப்பிளின் அட்டவணைப்படி, 34 டிகிரி அறையில் 700 டிகிரிக்குக் கிடைக்க வேண்டிய மின்னழுத்தம் அதுவே. மீட்டரில் குற்றமில்லை.

மூன்றாம் நாள் உலைக்கருகில், தெர்மோகப்பிளின் கம்பிகள் வந்து முடியும் தலைப்பெட்டியின் மூடியைக் கழற்றப் போனபோது கை சுட்டது. உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 78 டிகிரி. வேலூர்ப் பக்கத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, உலையின் விளிம்பிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருக்கும் பெட்டி அவ்வளவு சுடுவதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அந்தப் பெட்டியிலிருந்து மீட்டர் அறை வரை ஆறு மீட்டர் தூரத்துக்குச் சாதாரணத் தாமிர ஒயர் போடப்பட்டிருந்தது. தெர்மோகப்பிள் சூடான முனையின் வெப்பநிலையைத் தனியாகச் சொல்வதில்லை. சூடான முனைக்கும், அதன் இரண்டு உலோகங்கள் முடியும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே சொல்கிறது. எங்கள் தெர்மோகப்பிள் 78 டிகிரியில் முடிந்துவிட்டது. மீட்டரோ அது தன் காலடியில், 34 டிகிரியில் முடிவதாக நினைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இடையிலுள்ள 44 டிகிரி காணாமல் போயிருந்தது.

உறுதிசெய்துகொள்ள மேசை மின்விசிறி ஒன்றைத் தலைப்பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தேன். பர்னரைத் தொடவில்லை. பத்து நிமிடங்களில் மீட்டர் 700-இலிருந்து 713-க்கு ஏறியது. உலோகம் சூடாகவில்லை, பெட்டி குளிர்ந்தது, அவ்வளவுதான். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விசிறியை நிறுத்தி எண் இறங்குவதையும், போட்டு ஏறுவதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார்.

தாமிரத்துக்குப் பதிலாகத் தெர்மோகப்பிளின் அதே உலோகங்களால் ஆன நீட்டிப்பு கேபிள் வேண்டும். வாலாஜா ரோடில் ரயிலேறி, சென்னை ரிச்சி தெருவில் மீட்டருக்கு 110 ரூபாய் வீதம் எட்டு மீட்டர் நீளம் வாங்கி வந்தேன். உள்ளே மஞ்சள் உறையில் ஒரு கம்பி, சிவப்பு உறையில் ஒரு கம்பி. இருபது ஆண்டுகளாக மின்வேலை செய்த கை, யோசிக்காமல் சிவப்பை இரண்டு முனைகளிலும் பிளஸில் முடுக்கியது. மீட்டர் 656 காட்டியது. கேபிள் சரியாகிவிட்டது, ஆகவே உலோகம் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, பர்னரை ஏற்றச் சொன்னேன். நல்லவேளையாக மேஸ்திரி என் பேச்சைக் கேட்கவில்லை.

அமெரிக்க வண்ண முறையில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஐரோப்பிய முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நம் சந்தையில் இரண்டும் கலந்தே கிடைக்கின்றன. நிறத்தை நம்பாமல் காந்தத்தை நம்பலாம்: மைனஸ் கம்பியான அலுமெல் காந்தத்தில் இலேசாக ஒட்டும், பிளஸ் கம்பியான குரோமெல் ஒட்டாது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன், சிவப்பு ஒட்டியது. நீட்டிப்பைத் தலைகீழாக இணைத்தால் அந்த 44 டிகிரி ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை கழிகிறது. மாற்றி முடுக்கியதும் மீட்டர் 744 காட்டியது. தாமிரத்தில் 700, தலைகீழாக 656, சரியாக 744. மூன்று எண்களும் ஒரே 44-இன் இடைவெளியில் வரிசையாக நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் ஒப்பியது. அன்று முதல் 705-இல் ஊற்றினோம். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த வாரம் 60-க்கு 4 கழிந்தன.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் உலையின் ஓரத்தில், வார்ப்பிரும்புக் குழாய்க்குள் நிலையாக நிற்கும் அந்தத் தெர்மோகப்பிள், சுவரை ஒட்டிய உலோகத்தின் சூட்டைத்தான் சொல்கிறது. அதுவும் நான்கு நிமிடங்கள் தாமதமாக. ஊற்றுவதற்குச் சற்று முன் கையால் முக்கிப் பார்க்கும் முனை ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

1,650 ரூபாய்க்கு 6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் உறையுள்ள தெர்மோகப்பிள் வாங்கி, பூச்சு எதுவுமில்லாமல் அப்படியே முக்கினோம். ஐந்து வினாடிகளில் அளவு கிடைத்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒன்பதாம் நாள் அளவுகள் தாறுமாறாக ஆடின. முனையைத் துடைத்து வெர்னியரில் பிடித்தால் 6.0 இருந்த இடம் 5.1 ஆகியிருந்தது, நுனிக்கு ஒரு விரல் மேலே, உலோகத்தின் மேற்பரப்பு தொடும் கோட்டில், ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்துத் தின்னும். கரைந்த இரும்பு உருக்கிலேயே தங்கி வார்ப்பை நொறுங்கும் தன்மையுடையதாக்கும் என்பதால், இது சென்சாரின் ஆயுள் பற்றிய பிரச்சினை மட்டுமல்ல.

இரண்டாவது முனை இன்கோனெல் என்ற நிக்கல் கலவை உறையுடன் 2,200 ரூபாய். அதன்மேல் தண்ணீரில் கலக்கும் போரான் நைட்ரைடு பூச்சை மென்தூரிகையால் இரண்டு கை தடவினேன். பூச்சு டப்பா 2,600 ரூபாய். விலை அதிகம், ஆனால் ஓராண்டுக்கு வரும். வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து முக்கியபோது 'பட்' என்ற சத்தத்துடன் உலோகம் தெறித்து எதிர்ச் செங்கலில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒட்டியது. கண்ணாடியும் தோல் உறையும் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணுக்குக் காய்ந்த பூச்சில் ஈரம் இருந்திருக்கிறது. உருக்குக்குள் சிக்கும் ஒரு துளி நீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. மேலே உள்ள உலோகம் முழுவதையும் அது தூக்கி எறியும். இப்போது பூச்சிட்ட முனையை 200 டிகிரி சூட்டுப்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு குரூசிபிள் வாய்க்கு மேலே ஐந்து நிமிடம் பிடித்த பின்புதான் முக்குகிறோம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் பூச்சைப் புதுப்பிப்பதால் பத்து வாரங்களாகியும் விட்டம் குறையவில்லை.

எவ்வளவு ஆழம் முக்குவது என்பதிலும் தடுமாறினோம். மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் 696 காட்டிய உருக்கு, எட்டு சென்டிமீட்டரில் 707 காட்டியது. உறை வழியே சூடு மேலேறிப் போவது ஒரு காரணம், மேற்பரப்பு உண்மையிலேயே குளிர்ந்திருப்பது இன்னொன்று. உறையின் விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாத ஆழம் என்ற கணக்கில், எட்டு சென்டிமீட்டரில் ஒரு வளையம் பற்றவைத்துவிட்டேன். வளையம் கசடைத் தொடும்வரை இறக்க வேண்டும். நிலையான சென்சாருக்கு வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துவிட்டு 3,400 ரூபாய்க்குச் சிலிக்கான் கார்பைடு குழாய் போட்டு, அடியில் இருக்கும் காற்றிடைவெளியை அலுமினா தூளால் நிரப்பினேன். நான்கு நிமிடத் தாமதம் ஒன்றரை நிமிடமாகக் குறைந்தது.

அடுத்தது ஒப்பீடு. முனை 707 என்று சொல்கிறது. அது 707-தான் என்பதற்கு யார் சாட்சி? ஆய்வகத்துக்கு அனுப்பாமல், தூய உலோகங்கள் உறையும் புள்ளிகளையே சாட்சியாகக் கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். வெள்ளீயம் 231.9, துத்தநாகம் 419.5, அலுமினியம் 660.3 டிகிரி. சர்வதேச வெப்பநிலை அளவுகோலே இந்தப் புள்ளிகளின் மேல்தான் நிற்கிறது. கிண்ணத்தில் உருக்கி, முனையை நடுவில் நிறுத்தி, மேலே செங்கல் மூடி மெதுவாக ஆறவிட்டால், உறைந்து முடியும்வரை எண் ஒரே இடத்தில் நிற்கும். பதிவுசெய்ய ஆர்டுயினோ நானோ என்ற சிறு நிரல் பலகையும் மேக்ஸ் 31855 என்ற தெர்மோகப்பிள் சிப்பும் எடுத்துக்கொண்டேன். கையிருப்புக்கு ஒரு சிப்பும் சேர்த்து 1,150 ரூபாய்.

வெள்ளீயத்திலேயே இடறினேன். வேலூர்க் கடையொன்றில் "ஈயம்" என்று கேட்டேன். பாத்திரக்காரர்கள் கேட்பதைப் போலக் கேட்டால் போதும் என்று நினைத்தேன். 700 ரூபாய்க்குக் கொடுத்த கட்டியை உருக்கி ஆறவிட்டால் 232-இல் நிற்காமல் இறங்கிக்கொண்டே போய் 181-இல் நின்றது. ஒரு மாலை முழுவதும் சிப்பைத் திட்டிய பிறகுதான், வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் உறையும் என்பது நினைவுக்கு வந்தது. நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கும் ஓடுகிறது. கடைக்காரர் மேல் தவறில்லை. தூய வெள்ளீயம் என்று சொல்லி 400 கிராம் 1,300 ரூபாய்க்கு வாங்கினேன். அது உறையும் விதம் பார்க்க அழகானது: 221 வரை திரவமாகவே இறங்கி, திடீரென்று எட்டு டிகிரி மேலே துள்ளி, 229.0-இல் நின்றுவிட்டது. துத்தநாகம் 418.0-இல் நின்றது. அலுமினியத்துக்கு, மின்கம்பத்தில் ஓடும் பழைய கடத்திக் கம்பியை வெட்டி உருக்கினேன். அது 664.5-இல் நின்றது.

இங்கேதான் நான் மிக நீண்ட நேரம் நின்றேன். வெள்ளீயம் மூன்று டிகிரி குறைவு, துத்தநாகம் ஒன்றரை டிகிரி குறைவு, அலுமினியம் நான்கு டிகிரி அதிகம். கம்பியில் கலப்பு இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கடத்திக் கம்பியில் இருக்கும் இரும்பும் சிலிக்கானும் உறைநிலையைக் கீழேதான் இறக்கும். மேலே ஏற்ற வழியில்லை. 660-இல் உறைய வேண்டிய அலுமினியம் 664-இல் உறைந்தால் பொய் சொல்வது உலோகம் அல்ல. முனையை மாற்றிப் பார்த்தேன், அதே எண்கள். கடைசியில், வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டிய சிப்பின் தரவுத்தாளைப் படித்தேன். கே வகையின் மின்னழுத்தம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதாகக் கொண்டு, டிகிரிக்கு 41.276 மைக்ரோவோல்ட் என்ற ஒரே எண்ணால் அது வகுக்கிறது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. உண்மையில் அது நேர்கோடு அல்ல. நோட்டுப் புத்தகத்தில் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டேன்: சிப் 35 டிகிரியில் இருக்கும்போது வெள்ளீயத்தில் 2.8 குறைவாகவும், துத்தநாகத்தில் 1.3 குறைவாகவும், 660-இல் 5.9 அதிகமாகவும் காட்ட வேண்டும். என் மூன்று அளவுகளும் அந்த வளைவை ஒட்டியே உட்கார்ந்திருந்தன.

சிப் தரும் எண்ணைத் திரும்ப மில்லிவோல்ட்டாக்கி, சிப்பின் சொந்த வெப்பநிலைக்கு உரிய மில்லிவோல்ட்டைக் கூட்டி, பத்து டிகிரிக்கு ஒரு புள்ளி வீதம் எழுதிய அட்டவணையில் தேடும்படி நிரலை மாற்றினேன். வெள்ளீயம் 231.8, துத்தநாகம் 419.3, கடத்திக் கம்பி 659. இரண்டாம் தரத் தெர்மோகப்பிளுக்கே 660-இல் ஐந்து டிகிரி வரை பிழை அனுமதி உண்டு என்னும்போது இதற்கு மேல் கேட்பதற்கில்லை. இன்னொரு சிறு குறிப்பு: உறையோடு நுனி பற்றவைக்கப்பட்ட தெர்மோகப்பிள் இந்தச் சிப்புக்கு ஒத்துவராது. உருக்கு வழியே பூமியைத் தொட்டதும் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். நுனி தனியாக மிதக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த நம்பிக்கை வந்த பிறகுதான் ஆறும் கோட்டைப் படிக்கும் கிண்ணத்தில் கைவைத்தேன். எல்.எம். 6-இல் ஏறக்குறைய 12 விழுக்காடு சிலிக்கான் இருக்கிறது. சோடியம் சேர்த்தால் அந்தச் சிலிக்கான் கரடுமுரடான தகடுகளாக வளராமல் நுண்ணிய இழைகளாகிறது. உறையும்போது எண் அசையாமல் நிற்கும் இடமான தட்டும் சில டிகிரி கீழே இறங்குகிறது. சோடியம் வேலை செய்ததா என்பதை இதுவரை ஒரு துண்டு வார்த்து, உடைத்து, முறிவின் பளபளப்பைப் பார்த்தே மேஸ்திரி சொல்லிவந்தார்.

முதல் கிண்ணம் 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்த் துண்டு. எட்டு வினாடிகளில் எல்லாம் உறைந்துவிட்டதால் தட்டே தெரியவில்லை, சரிவுதான் தெரிந்தது. இரண்டாவது, 40 மில்லிமீட்டர் விட்டம், 50 உயரம், 2 மில்லிமீட்டர் சுவர்; அடியில் செராமிக் கம்பளித் துண்டு, உள்ளே கிராஃபைட் பூச்சு. தெர்மோகப்பிள் நுனியை அடியிலிருந்து 10 மில்லிமீட்டரில் வைத்தபோது தட்டு சாய்ந்தது. சரிநடுவில், 25-இல் வைத்ததும் நேராக நின்றது. கிண்ணத்தை 250 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே ஊற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் குழாய், பற்றவைப்புக் கூலி, 3 மில்லிமீட்டர் மெல்லிய உறை, பீங்கான் காப்பு எனச் சேர்த்து 2,100 ரூபாய்.

தொடக்கத்தில் சொன்ன 575-உம் 568-உம் இந்தக் கிண்ணத்தில் கிடைத்தவை. அன்று அதே உருக்கை நிறுத்தி வைத்து, சோடியம் போட்ட நாற்பதாவது நிமிடத்தில் மீண்டும் ஊற்றியபோது தட்டு 572-க்கு ஏறியிருந்தது. சோடியம் எரிந்தும் ஆவியாகியும் போய்க்கொண்டே இருக்கும் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் ஒரு குரூசிபிளைக் காலி செய்ய எங்களுக்கு ஐம்பது நிமிடங்கள் ஆகின்றன என்பதோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. கடைசி இருபது உறைகள் ஏறக்குறைய சோடியமே போடாத உலோகத்தில் வார்க்கப்பட்டிருக்கின்றன. மூன்று மாதிரிகளையும் உடைத்து வரிசையாக வைத்தோம்: முதலாவது பெரிய பளபளக்கும் முகங்களுடன், இரண்டாவது பட்டுத்துணி போல மங்கிய சாம்பல் நிறத்தில், மூன்றாவது நடுவில் பட்டாகவும் ஓரத்தில் மினுக்கலாகவும் இருந்தது. மேஸ்திரி மூன்றாவதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே பாதிப் பாதியா உருக்கலாம் சார்" என்றார். அப்படியே செய்கிறோம்.

மீண்டும் தொடங்கினால், மீட்டரைத் தொடுவதற்கு முன் தலைப்பெட்டியின் சூட்டை அளப்பேன். உலை முகம் பார்க்காதபடி பெட்டிக்கு ஒரு தகட்டு மறைப்பும் முதல் நாளே போடுவேன், இப்போது போட்டிருப்பதைப் போல. துத்தநாகக் கிண்ணத்தை உருக்கி ஒப்பிடுவதை மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருந்தேன், அதை வாரம் ஒரு முறை ஆக்கியிருக்கிறேன். கே வகைக் கம்பி காட்டும் அளவு நாளாக நாளாகச் சூட்டில் நழுவும்.

தீராமல் இருப்பது ஒன்று. உறைந்த மாதிரிக்குள்ளிருந்து 3 மில்லிமீட்டர் உறையை வெளியே எடுப்பது. போரான் நைட்ரைடு தடவி, நுனி நோக்கி இலேசாகக் குறுகும்படி கடைந்து, 500 டிகிரியில் இருக்கும்போதே முறுக்கி இழுத்தால் வருகிறது. 34 மாதிரிகள் வரை வந்தது. 35-ஆவது பிடித்துக்கொண்டது, ஹேக்சா போட்டுப் பிளந்ததில் உறை வளைந்துவிட்டது. அடுத்த உறையை இன்னும் சற்று அதிகக் குறுகலோடு கடையச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.